மேல் உதட்டுல உருளுற கட்டி: பார்த்ததும் நீர்க்கட்டின்னு எழுதிடாதீங்க

பண்ருட்டி பக்கம் புதுசா கிளினிக் போட்ட ஒரு தம்பி ராத்திரி வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பிச்சான். உதட்டைத் திருப்பிப் புடிச்சு எடுத்த போட்டோ, நடுவுல பட்டாணி சைஸுக்கு ஒரு மேடு, லேசா நீலம் பாஞ்சிருக்கு. கீழ ஒரே வரி: "அக்கா, மியூகோசீல் தானே, நாளைக்கு எடுத்துடட்டுமா?" மியூகோசீல்னா எச்சி தேங்கி நிக்கிற நீர்க்கட்டி. நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், இது மேல் உதடா கீழ் உதடா. அவ்ளோ கிட்டத்துல எடுத்த போட்டோல மேல எது கீழ எதுன்னே தெரியல. மேல் உதடு அக்கான்னான். வயசு? அறுபத்தி நாலு, அம்மா ஒருத்தங்கன்னான். அப்படின்னா நாளைக்குக் கை வைக்காத, மொதல்ல போன் பண்ணுன்னு சொன்னேன். போன்ல அவன்கிட்ட அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிச்சு எழுதறேன், கடலூர் திருப்பாப்புலியூர்ல வருஷக்கணக்கா வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதுல நானே தப்பு பண்ணி கத்துக்கிட்டதும் இதுல இருக்கு. பல் டாக்டருங்களுக்காக எழுதறதுதான், ஆனா உதட்டுல கட்டியை வச்சுக்கிட்டு பயந்துபோய் தேடுறவங்களும் படிக்கலாம், டாக்டர் உங்ககிட்ட என்ன கேக்கணும் என்ன செய்யணும்னு தெரிஞ்சா நல்லதுதானே.

உதட்டோட உள்பக்கத்தை நாக்கால தடவிப் பாருங்க, மணல் மணலா நெருடும். அதெல்லாம் எச்சில் சுரப்பி. காதுக்கு முன்னாடி, தாடைக்கு அடியில, நாக்குக்கு அடியில மூணு ஜோடி பெரிய சுரப்பி இருக்கிறது எல்லாருக்கும் தெரியும், அது போக வாய்க்குள்ள 600லேருந்து 1000 வரைக்கும் பொடிசு பொடிசா இருக்கு, உதடு, கன்னம், அண்ணத்தோட பின்பக்கம், நாக்கு எல்லா இடத்துலயும். நம்பிக்கை இல்லன்னா கீழ் உதட்டைத் திருப்பி டிஷ்யூ பேப்பரால நல்லா தொடைச்சுட்டு கண்ணாடி முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க, வேர்வை மாதிரி பொட்டு பொட்டா எச்சி ஊறி நிக்கும். அந்த ஒவ்வொரு பொட்டுக்கும் பின்னாடி ஒரு சுரப்பி. பெரிய சுரப்பியில வர்ற அதே கட்டிங்க இந்தப் பொடிசுலயும் வரும், அபூர்வமாத்தான் வரும், ஆனா வரும்.

இப்ப மேலயா கீழயாங்கிற கேள்விக்கு வரேன். மியூகோசீல்ங்கிறது கட்டியே இல்ல, சுரப்பியோட குழாய் அறுந்து எச்சி சதைக்குள்ள கசிஞ்சு தேங்கி நிக்கிறது, அவ்ளோதான். குழாய் எதுல அறுபடும்? பல்லு கடிச்சு. மேல் பல்லு கீழ் உதட்டைத்தான் கடிக்கும், அதனால நூத்துக்கு எண்பது மியூகோசீல் கீழ் உதட்டுலதான், அதுவும் பள்ளிக்கூடப் பசங்க, காலேஜ் பசங்க வயசுல. மேல் உதட்டுல மியூகோசீல் வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். எச்சில் சுரப்பியோட நிஜக் கட்டி இதுக்கு நேர் தலைகீழ், அது மேல் உதட்டுலதான் ஜாஸ்தி, கீழ் உதட்டுல கம்மி. இன்னொண்ணு, மேல் உதட்டுல வர்ற சுரப்பிக் கட்டி பெரும்பாலும் சாதுவான கட்டி, அதாவது புத்துநோய் இல்லாதது, கீழ் உதட்டுல வர்றது கம்மின்னாலும் வந்தா அதுல பாதிக்கு மேல புத்துநோய் வகை. ஆக நடுவயசைத் தாண்டின ஒருத்தருக்கு மேல் உதட்டுல உருண்டையா ஒண்ணு இருந்தா, வேற ஏதோன்னு நிரூபிக்கிற வரைக்கும் அதை சுரப்பிக் கட்டின்னே வச்சுக்கங்க. என்கிட்ட வர்ற இன்டர்ன் பசங்களுக்கு நான் சொல்றது இந்த ஒரு வரிதான், மிச்சமெல்லாம் இதுக்கு விளக்கம்.

நீலமா இருந்துச்சேன்னு அந்தத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி, அதுலதான் எல்லாரும் ஏமாறுறோம். கனாலிகுலர் அடினோமான்னு சாதுவான சுரப்பிக் கட்டி ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல் உதடுதான் சொந்த ஊரு, வர்ற நாலுல மூணு அங்கதான் வருது, ஐம்பது வயசுக்கு மேல, அதுலயும் அறுபது எழுபதுல, ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூட. அது சில சமயம் உள்ள நீர் கோத்துக்கிட்டு நீலமாவே தெரியும், ஊசி வச்சு இழுத்தா கொஞ்சம் நீர் கூட வரும், அப்புறம் என்ன, நீர்க்கட்டின்னு எழுதிட்டு நிம்மதியா போயிடுவோம். அறுபத்தி நாலு வயசு, பொம்பளை, மேல் உதடு, லேசா நீலம், வலி இல்ல. பாடப்புத்தகம் எழுதினவங்க இந்த அம்மாவைப் பார்த்துதான் எழுதியிருப்பாங்களோன்னு தோணுற மாதிரி இருந்துச்சு.

சரி, ஆள் வந்து உட்கார்ந்தா என்ன கேக்கறது. எத்தனை நாளா இருக்குங்கிறதுதான் பெரிய கேள்வி, ஆனா நேரா கேட்டா "ரொம்ப நாளா" ன்னுதான் பதில் வரும், ரொம்ப நாள்னா மூணு மாசமும் ஆகலாம் பதினஞ்சு வருஷமும் ஆகலாம். தேவனாம்பட்டினத்துலேருந்து ஒரு ஆயா வந்தாங்க, கூடையில மீன் வச்சு தெருத்தெருவா விக்கிறவங்க, மேல் உதட்டுல இடது பக்கம் சுண்டைக்காய் மாதிரி ஒண்ணு. "கெளுத்தி முள்ளு குத்திச்சு பாப்பா, அப்பலேருந்து இருக்கு" ன்னாங்க. எப்ப குத்திச்சுன்னா தெரியல. நம்ம ஊர்ல வருஷம் கணக்குப் பண்ண காலண்டரே வேண்டாமே, சுனாமிக்கு முன்னாடியா பின்னாடியா ஆயான்னேன். பின்னாடி. தானே புயலுக்கு? கொஞ்ச நேரம் யோசிச்சாங்க, "தானே அடிச்சப்ப கூரை போய் பள்ளிக்கூடத்துல படுத்திருந்தோம்ல, அங்கயே என் மருமக கேட்டா, இன்னா அத்த உதட்டுலன்னு". அப்ப 2011 டிசம்பர்லயே அடுத்தவங்க கண்ணுக்குத் தெரியுற அளவு இருந்திருக்கு. பத்து வருஷத்துக்கு மேல மெதுவா வளர்ந்த, வலிக்காத, புண்ணாகாத கட்டி. இந்த ஒரு பதில் ஸ்கேனை விட நிறைய சொல்லிடுச்சு. கடலூர்க்காரங்ககிட்ட சுனாமி, தானே, 2015 வெள்ளம் இந்த மூணையும் வச்சுக் கேட்டா பெரும்பாலும் வருஷம் கெடச்சுடும். இல்லன்னா கூட வந்தவங்க போன்ல பழைய கல்யாண போட்டோ இருக்கும், பெருசு பண்ணிப் பார்த்தா உதடு ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது தெரியும்.

முள்ளு குத்தினது, கடிச்சுக்கிட்டது, பந்து பட்டது, இதெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க, எழுதிக்கங்க, ஆனா அதை நம்பி முடிவு பண்ணாதீங்க. உதட்டைக் கடிச்சுக்காத மனுஷன் யாரு? கட்டி கண்ணுல பட்டதும் ஏதாவது ஒரு காரணத்தைத் தேடி மாட்டிடுவோம். பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க அந்த எண்ணெய் பட்டுத்தான் வந்துச்சும்பாங்க, முந்திரி எண்ணெய் உதட்டை வேக வைக்கும், தோல் உரியும், அது நாளாக நாளாக ஆறிடும், உருண்டையெல்லாம் ஆகாது. கேக்கவேண்டிய முக்கியமான விஷயம் வேற: உடைஞ்சு தண்ணி வந்து வடிஞ்சு திரும்பவும் வீங்குச்சா? ஆமான்னா மியூகோசீல் பக்கம் சாயலாம். சாப்பிடும்போது வீங்கி அப்புறம் வத்துதா? குழாய்ல கல்லு இருக்கலாம். சமீபத்துல வேகமா வளர்ந்துச்சா, எரியுதா, வலிக்குதா, உதடு மரத்த மாதிரி இருக்கா, எறும்பு ஊருற மாதிரி இருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் சாதுவான கட்டின்னு நினைக்காதீங்க, அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாங்கிற சுரப்பிப் புத்து நரம்பைப் புடிச்சுக்கிட்டுத்தான் நகரும், சின்னதா இருக்கும்போதே வலியும் மரப்பும் காட்டும். கூடவே சுகர், பிபி, இதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, உதட்டுல ஃபில்லர் ஊசி போட்டிருக்காங்களா, இதையும் கேளுங்க. கடைசியா சொன்னதைக் கேக்க கூச்சப்படாதீங்க, புதுச்சேரியில கல்யாணப் பொண்ணுங்க இப்ப சாதாரணமா போட்டுக்கிறாங்க, வருஷம் கழிச்சு கூட முடிச்சா நிக்கும்.

அடுத்தது தொட்டுப் பார்க்கிறது, இதை நான் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கிறதில்லன்னு எனக்கு ஒரு கர்வம் உண்டு. கிளவுஸ் போட்டுக்கிட்டு கட்டைவிரல் வெளியில, ஆள்காட்டி விரல் உள்ள, நடுவுல உதடு. வாயை லேசா தொறந்து உதட்டைத் தளர விடச் சொல்லுங்க, இறுக்கி வச்சா தசைதான் கைக்குத் தட்டுப்படும். கட்டியை நேரா புடிச்சு அமுக்காதீங்க, வாய் ஓரத்துல ஆரம்பிச்சு துணி ஓரத்துல நாடாவைத் தேடுற மாதிரி மெதுவா உருட்டிக்கிட்டே அந்தப் பக்க ஓரம் வரைக்கும் போங்க. கட்டி வந்ததும் நாலு விஷயம் கைக்குத் தெரியணும். கெட்டியா இருக்கா மெத்துனு இருக்கா, வேகவச்ச மொச்சைக் கொட்டை தோலுக்குள்ள வழுக்குற மாதிரி நழுவுதா இல்ல சுத்தியிருக்கிற சதையோட ஒட்டி வருதா, மேல இருக்கிற சவ்வு தனியா நகருதா, வெளித்தோலோட ஒட்டியிருக்கா இல்ல உள்பக்கத்தோடயா. உதட்டுல வர்ற ப்ளியோமார்ஃபிக் அடினோமா (இன்னொரு சாதுவான சுரப்பிக் கட்டி) ரப்பர் மாதிரி கெட்டியா நல்லா நழுவும், அதே கட்டி அண்ணத்துல வந்தா எலும்பு மேல சவ்வு இறுக்கமா இருக்கிறதால அசையாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஒட்டிப்போய் அசையாத கட்டி உதட்டுல இருந்தா அது எச்சரிக்கை.

ஒரு கட்டி கெடச்சதும் கையை எடுத்துடாதீங்க, மேல் உதடு முழுக்க, கன்னத்தோட உள்பக்கமும் உருட்டிப் பாருங்க. கனாலிகுலர் அடினோமா ஒரே நேரத்துல நாலஞ்சு இடத்துல பொடிசா வர்ற பழக்கம் உள்ளது. ஒண்ணை எடுத்துட்டு மிச்சத்தை விட்டுட்டா ரெண்டு வருஷம் கழிச்சு "திரும்ப வந்துடுச்சு" ன்னு நம்ம மேல பழி வரும், உண்மையில அது திரும்ப வந்ததில்ல, நாம பார்க்காம விட்டது.

அப்புறம் கண்ணாடி. பழைய மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒண்ணு எப்பவும் டேபிள்ல வச்சிருப்பேன், நீலமா செவப்பா இருக்கிற எதையும் அதால அமுக்கிப் பார்ப்பேன். வெளுத்துப்போய் திரும்ப நிறம் வந்தா அது ரத்தக்குழாய் சமாச்சாரம், அங்க கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நூறு தடவை யோசிங்க. விரல் நுனியை மேல வச்சு ஒரு நிமிஷம் பொறுமையா இருங்க, துடிக்குதான்னு. உதட்டுக்குப் போற தமனி சில பேருக்கு சுருங்காம அதே தடிமனோட மேல வந்து நிக்கும், பார்க்க சின்ன முடிச்சு மாதிரி இருக்கும், தெரியாம பயாப்ஸி எடுத்தா சட்டையெல்லாம் ரத்தம்.

மேல் உதட்டுக் கட்டி மாதிரியே வேஷம் போடுறவங்க நிறைய பேரு. மூக்கு ஓரத்துக்குக் கீழ ஆழமா இருந்து மூக்கோட ஓரத்தையே தூக்கிக்கிட்டு, உள்ள உதடும் ஈறும் சேர்ற பள்ளத்தை மேவி நின்னா நேசோலேபியல் சிஸ்ட்டை நினைங்க, அதுவும் நடுவயசுப் பொம்பளைங்ககிட்டதான் ஜாஸ்தி. கடலைப் பருப்பு சைஸுக்குக் கல்லு மாதிரி கெட்டியா இருந்தா மேல் உதட்டுச் சுரப்பியில சுண்ணாம்புக் கல்லு. மெத்துனு மஞ்சளா தெரிஞ்சா கொழுப்புக்கட்டி. வெள்ளையா கடிச்ச தழும்பு மாதிரி வெளியில நீட்டிக்கிட்டு இருந்தா ஃபைப்ரோமா, நார்ச்சதைக் கட்டி. கோரைப்பல் சொத்தையா இருந்து வீங்கியிருந்தா அது சீழ், பல்லைப் பாருங்க மொதல்ல. இங்க எல்லாரும் மறந்துபோற ஒண்ணு சிஸ்டிசெர்கோசிஸ், நாடாப்புழுவோட குஞ்சு சதைக்குள்ள பை கட்டிக்கிட்டு உட்கார்றது, உதட்டுலயும் நாக்குலயும் கன்னத்துலயும் வரும், வெளிநாட்டுப் புத்தகம் ஓரமா ஒரு வரி போட்டுட்டுப் போயிடும், நம்ம நாட்டுல அதை லிஸ்ட்ல வச்சுக்கிட்டே ஆகணும். அப்படி சந்தேகம் வந்தா தலைவலி, ஃபிட்ஸ் இருக்கான்னும் கேளுங்க. அப்புறம் கட்டி உள்பக்கம் இல்லாம மீசை வளர்ற தோல் பக்கம் இருந்தா காண்ட்ராய்டு சிரிங்கோமா, அது வேர்வைச் சுரப்பியோட ப்ளியோமார்ஃபிக் அடினோமான்னே சொல்லலாம், மைக்ராஸ்கோப்புல ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி, எங்கேருந்து எடுத்தோம்னு நாம எழுதலன்னா துண்டை மைக்ராஸ்கோப்புல பார்க்கிற பெத்தாலஜிஸ்ட்டுக்கும் குழப்பம்தான்.

டெஸ்ட்டுன்னு பார்த்தா பெருசா ஒண்ணும் வேண்டாம். சின்ன எக்ஸ்ரே ஃபிலிமை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவுல வச்சு, பல்லுக்குக் கொடுக்கிற நேரத்துல பாதிக்கும் கீழ குறைச்சு ஒரு படம் எடுங்க, கல்லு இருந்தா வெள்ளையா தெரிஞ்சுடும், காசும் பெருசா ஆகாது. அல்ட்ராசவுண்ட் எடுத்தா நல்லது, சின்ன பாகத்துக்கான அதிக அலைவரிசை புரோப் இருக்கிற இடமா பார்த்து அனுப்புங்க, வயித்துக்கு வைக்கிற புரோப்பை உதட்டுல வச்சா ஒண்ணும் தெரியாது. நீரா சதையா, ஓரம் தெளிவா இருக்கா, ரத்த ஓட்டம் எப்படி, பைக்குள்ள ஒரு பொட்டு உட்கார்ந்திருக்கா, இதெல்லாம் சொல்லிடுவாங்க. அந்தப் பைக்குள்ள பொட்டுங்கிறது புழுவோட தலை, அதைப் பார்த்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. எம்.ஆர்.ஐ. எல்லாருக்கும் தேவையில்ல, கட்டி ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இருக்கு, ஆழமா இருக்கு, ஒட்டியிருக்கு, மரப்பு இருக்குன்னா எழுதுங்க. ஒரு சென்டிமீட்டர் உருண்டைக்கு ஆயிரக்கணக்குல செலவு வைக்கிறது எனக்குப் புடிக்காது.

எஃப்.என்.ஏ.சி., அதாவது மெல்லிய ஊசியால செல்லை இழுத்துப் பார்க்கிறது, எடுக்கலாமான்னு கேப்பீங்க. காது முன்னாடி இருக்கிற பெரிய சுரப்பிக்கு அது ரொம்ப உபயோகம். உதட்டுல கடலை சைஸ் கட்டிக்கு என் கருத்து வேண்டாம்ங்கிறதுதான், கிடைக்கிற நாலு செல்லை வச்சு கனாலிகுலரா, பேசல் செல் அடினோமாங்கிற இன்னொரு சாதுவான கட்டியா, அடினாய்டு சிஸ்டிக்கான்னு பிரிச்சு சொல்றது அவங்களுக்கும் கஷ்டம், நீர் வந்தா நாம தப்பா நிம்மதி ஆயிடுவோம். சின்னது, நழுவுது, ஆபத்து அறிகுறி இல்லன்னா முழுசா எடுத்து அனுப்புறதே பரிசோதனை, அதுவே வைத்தியமும். பாதி வெட்டி எடுத்துப் பார்க்கிறது ப்ளியோமார்ஃபிக் அடினோமாவுல நல்லதில்ல, உறை கிழிஞ்சு செல்லு சிந்தினா வருஷம் கழிச்சு பல முடிச்சா முளைக்கும். பெருசா இருக்கு, கெட்டதுன்னு சந்தேகம், அப்ப மட்டும்தான் சின்ன துண்டு பயாப்ஸி, அதையும் பின்னாடி பெரிய ஆபரேஷன் பண்ணப் போறவங்களே எடுக்கட்டும்.

யாரு எடுக்கணும்ங்கிறதுல ஈகோ வேண்டாம். நமக்குக் கை பழகலன்னா புதுச்சேரி கோரிமேட்டுல ஜிப்மர் இருக்கு, அங்கயே மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, தெற்குப் பக்கத்து ஆளுங்களுக்கு சிதம்பரம் அண்ணாமலை நகர்ல, முன்னாடி ராஜா முத்தையா பேர்ல இருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. பஸ்ஸு ஏறினா கடலூர்லேருந்து எங்கயும் பெரிய தூரம் இல்ல. பல் மருத்துவக் கல்லூரியில இன்னொரு சௌகரியம், வாய்க்குன்னே தனியா பெத்தாலஜி டிபார்ட்மென்ட் இருக்கும், கனாலிகுலர் அடினோமாவை நிறைய பார்த்த கண்ணு அங்கதான் கிடைக்கும்.

நாமளே எடுக்கிறதா இருந்தா ஊசியைக் கட்டிக்குள்ளயோ பக்கத்துலயோ போட்டு உப்ப வைக்காதீங்க, ஓரமே தெரியாமப் போயிடும், கண்ணுக்குக் கீழ இருக்கிற நரம்புக்கு பிளாக் கொடுங்க, மேல் உதடு பாதி சுத்தமா மரத்துடும். ஊசி போடுறதுக்கு முன்னாடியே மார்க்கர்ல கட்டியைச் சுத்தி புள்ளி வச்சுக்கங்க. உதட்டோட செவப்புக்கும் தோலுக்கும் நடுவுல இருக்கிற கோட்டைத் தாண்டாம உள்பக்கமா கீறணும், ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் ஆயுசுக்கும் கண்ணுல தெரியும். கட்டியை பிதுக்கி எடுக்காதீங்க, உறையோட, சுத்தி மெல்லிசா நல்ல சதையும், அதுக்குச் சொந்தமான சுரப்பி மணிங்களும் சேர்ந்து வரட்டும். பக்கத்துல திராட்சைக் கொத்து மாதிரி தொங்குற சுரப்பியையும் எடுத்துடுங்க, இல்லன்னா தையல் போட்ட இடத்துலயே நிஜமான மியூகோசீல் வந்து நிக்கும், அது தனி கேலி.

இப்ப பாட்டில். இது என் சொந்தக் கதை. பிராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசுல ஒரு பையன், இருபத்தேழு வயசு இருக்கும், மேல் உதட்டுல உருண்டை, சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தேன், அழகா முழுசா வந்துச்சு. எடுத்த சதையைக் கெடாம வைக்கிற பார்மலின் பாட்டிலைத் திறந்தா காலி. அசிஸ்டென்ட் அக்கா சலைன்ல, உப்புத்தண்ணியில போட்டு வைக்கலாமா மேடம்னாங்க, நானும் சரின்னுட்டேன், திங்கக்கிழமை அனுப்பிச்சேன். ரெண்டு நாள் சலைன்ல கெடந்து செல்லெல்லாம் கரைஞ்சு போயிருந்துச்சு, ரிப்போர்ட்ல "கருத்து சொல்ல இயலாத நிலை" ன்னு வந்துச்சு. அந்தப் பையன் வருஷா வருஷம் வந்து உதட்டைக் காட்டிட்டுப் போவான், என்ன கட்டி எடுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கும் தெரியாது அவனுக்கும் தெரியாது. அதனால கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி பாட்டிலைப் பாருங்க. பத்து சதவீத பார்மலின், கடையில வாங்குற கெட்டி பார்மலின் ஒரு பங்குன்னா தண்ணி ஒன்பது பங்கு, பஃபர் பண்ணதே ரெடியா கிடைச்சா இன்னும் நல்லது. துண்டோட அளவு மாதிரி பத்து மடங்காவது திரவம் இருக்கணும், அகல வாய் பாட்டில், ஊசி மருந்து குப்பியில திணிச்சா கெட்டியானப்புறம் வெளிய எடுக்க முடியாது. ஸ்பிரிட் வேண்டாம், சலைன் வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம். பேரு மூடியில எழுதாதீங்க, பாட்டில் மேல எழுதுங்க, மூடி மாறிடும். ஒரு ஓரத்துல நூல் ஒண்ணு கட்டி "இது மூக்குப் பக்கம்" ன்னு சீட்டுல எழுதிட்டா ஓரம் எங்க சுத்தமா இருக்கு எங்க இல்லன்னு அவங்களால சொல்ல முடியும்.

சீட்டுல "உதட்டுக் கட்டி" ன்னு மட்டும் எழுதி அனுப்புறவங்க மேல எனக்குக் கோவம் வரும். மேல் உதடு, இடது, உள்பக்கம், எத்தனை வருஷம், எத்தனை மில்லிமீட்டர், நழுவுச்சா, வேற முடிச்சு இருந்துச்சா, நாம என்ன நினைக்கிறோம், இவ்ளோதான், ரெண்டு நிமிஷ வேலை. பார்க்கிறதுக்கு சாதாரண மியூகோசீல்தான்னு தோணினாலும் எடுத்ததைக் குப்பையில போடாதீங்க, அனுப்புங்க.

ரிப்போர்ட் வந்ததும் பேரை மட்டும் பார்க்காம உள்ள வரியையும் படிங்க. கனாலிகுலர்னா தூண் மாதிரி செல்லுங்க ரெண்டு வரிசையா ஓடும், கொஞ்ச தூரம் விலகிப் போய் திரும்ப ஒட்டிக்கும், பாசிமணி கோத்த மாதிரின்னு சொல்லுவாங்க, நடுவுல இருக்கிற இடம் கொழகொழன்னு மெல்லிய ரத்தக்குழாயோட இருக்கும். ப்ளியோமார்ஃபிக்னா பேரே சொல்லுது பல ரூபம், குழாய், தனிச் செல்லு, நடுவுல சளி மாதிரியும் குருத்தெலும்பு மாதிரியும். பேசல் செல் அடினோமா இன்னொண்ணு, பெரும்பாலும் காது முன்னாடி சுரப்பியில வரும், மேல் உதட்டுலயும் வரும், முன்னாடி இதையும் கனாலிகுலரையும் ஒரே பேர்ல கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, அதனால பழைய ரிப்போர்ட்ல மோனோமார்ஃபிக் அடினோமான்னு இருந்தா முழிக்காதீங்க. சந்தேகம் வர்ற இடத்துல சாயம் போட்டுப் பார்ப்பாங்க: எஸ்-100, பி63ங்கிறது அந்தச் சாயங்களோட பேரு, கனாலிகுலர் எஸ்-100 நல்லா எடுக்கும், பி63 எடுக்காது, ஏன்னா அதுல மயோஎபிதீலியல் செல்லே, சுரப்பியைச் சுத்தி நின்னு பிழியுற செல்லே, கிடையாது. அடினாய்டு சிஸ்டிக், பேசல் செல் ரெண்டுலயும் அந்தச் செல்லு உண்டு, பி63 எடுக்கும். இது ஏன் முக்கியம்னா கனாலிகுலர் பல இடத்துல முளைச்சிருக்கும்போது, சின்ன துண்டு மட்டும் பார்த்தா, பரவுற புத்து மாதிரியே கண்ணை ஏமாத்தும். ரிப்போர்ட்ல அடினாய்டு சிஸ்டிக்னு வந்து ஆளைப் பார்த்தா அப்படித் தோணலன்னா, பயமுறுத்துறதுக்கு முன்னாடி பெத்தாலஜிஸ்ட்டுக்கு ஒரு போன் போடுங்க, துண்டைப் பதிச்சு வச்ச மெழுகு பிளாக்கை இன்னொரு கண்ணுக்கு அனுப்பச் சொல்லுங்க. யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க.

நரம்பைச் சுத்தி செல்லு இருக்குன்னோ, ஓரத்தைத் தாண்டி ஊடுருவுதுன்னோ, மியூகோஎபிடெர்மாய்டுன்னோ (அதுவும் ஒரு சுரப்பிப் புத்து) எழுதியிருந்தா அது நம்ம கிளினிக் வேலை இல்ல, அன்னைக்கே அனுப்பிடுங்க. கீழ் உதட்டுல கெட்டியா ஒண்ணு இருந்து உடையாம வத்தாம நின்னா புத்தா இருக்குமோங்கிற நினைப்பு மொதல்லயே வரணும்.

மீன்காரங்க ஆயாவுக்கு ப்ளியோமார்ஃபிக் அடினோமான்னு வந்துச்சு, ஓரம் சுத்தம். இவ்ளோ வருஷம் வச்சிருந்தீங்களே, இந்தக் கட்டி ரொம்ப வருஷம் கெடந்தா சில பேருக்கு கெட்டதா மாறும் ஆயான்னேன். "வலிக்கலையே பாப்பா, வலிச்சா வந்திருப்பேன்ல" ன்னாங்க. அந்த நியாயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. வருஷம் ஒரு தடவை வந்து காட்டணும்னு சொல்லியிருக்கேன், மறந்துடுவாங்கன்னு மாசி மகத்துக்குக் கடலுக்கு சாமி வர்ற வாரம்னு கணக்கு வச்சுக்கொடுத்தேன், அது மறக்காது.

அந்தத் தம்பி கேஸ் நான் நினைச்ச மாதிரியே கனாலிகுலர். நான் சொன்னப்புறம் உதடு முழுக்க உருட்டிப் பார்த்திருக்கான், வலது ஓரத்துல கடுகு சைஸ்ல இன்னும் ரெண்டு இருந்துச்சாம், மூணையும் தனித்தனி பாட்டில்ல போட்டு அனுப்பினான், மூணும் அதேதான். இது எடுத்தா திரும்ப வர்றது அபூர்வம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதே மாதிரி உருட்டிப் பார்த்தா போதும்னு சொல்லிட்டேன். இனிமே போட்டோ அனுப்பினா மூக்கு ஓட்டையும் சேர்த்துத் தெரியுற மாதிரி எடுத்து அனுப்புடான்னும் சொல்லியிருக்கேன்.